ஆற்றில் போட்டுக் குளத்தில் எடுத்தால் கடத்தல்

சுந்தரமூர்த்தி நாயனார் தப்பித்தார். திருமுதுகுன்றத்தில் பாடிப் பெற்ற 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் இறங்கி எடுத்துக்கொண்டார் என்கிறது புராணம். இன்றைய விருத்தாசலத்தில், அதே ஆற்றில் தண்ணீர் ஓடுகிற ஒரு நாள் பார்த்து, அதே காரியத்தைச் செய்திருந்தால் குளக்கரையில் மனைவி பரவை நாச்சியார் காத்திருக்க மாட்டார். சுங்கச் சட்டம் 1962, பிரிவு 123 காத்திருக்கும். இது கடத்தல் தங்கம் என்று அதிகாரி நியாயமாக நம்பிக் கைப்பற்றிவிட்டால் போதும். கடத்தல் இல்லை என்று நிரூபிப்பது வைத்திருந்தவர் தலைவலி.

"யார் கொடுத்தது?"

"சிவபெருமான்."

"பில் எங்கே?"

"பதிகம் இருக்கிறது."

"மாற்றுப் பார்த்தது யார்?"

"பிள்ளையார்."

குளக்கரையில் பொன்னை உரைத்துத் தரம் சொன்ன மாற்றுரைத்த பிள்ளையாரிடம் அரசு அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர் என்ற சான்றிதழ் கிடையாது. அவர் சாட்சி செல்லாது. அதற்கு மேல் 138ஏ என்று ஒரு பிரிவு உண்டு. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால், உன் மனத்தில் குற்ற எண்ணம் இருந்தது என்று முதலிலேயே எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று ஐயத்துக்கிடமின்றிக் காட்டுவது உன் வேலை. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்குக் கிடைக்கிற அனுகூலம் சங்கிலி போட்டு வந்தவனுக்குக் கிடையாது.

சுங்கமே வேண்டாம் என்று சொல்கிற கட்சி இல்லை நான். எல்லை என்று இருந்தால் சாவடி என்று ஒன்று இருக்கும். காவிரிப்பூம்பட்டினத்தில் மூட்டைக்கு மூட்டை புலிமுத்திரை குத்தி அனுப்பியதைப் பட்டினப்பாலையே பெருமையாகச் சொல்கிறது. என் கோபம் வேறு. புரியக்கூடாது என்பதற்காகவே எழுதியதுபோல ஒரு சட்டம், புரியாதவனிடம் தண்டம், புரிந்தவனுக்குப் பச்சை வழி. இந்த மூன்றும் சேர்ந்து ஒரு தொழிலாகவே நடக்கிறது. விருத்தாசலத்துக்காரர்கள் அதில் இரண்டு பக்கமும் மாட்டுகிறவர்கள். பீங்கான் செய்கிறவர் சரக்கை அனுப்பும்போது மாட்டுவார், வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர் ஊர் திரும்பும்போது மாட்டுவார்.

முதலில் சரக்கு.

நெய்வேலிப் பக்கத்துக் களிமண்ணை நம்பி வளர்ந்தது இந்த ஊரின் செராமிக் தொழில். தொழிற்பேட்டை இருக்கிறது. செராமிக் டெக்னாலஜி சொல்லிக்கொடுக்க டிப்ளமோ படிப்பே இருக்கிறது. ஃப்யூஸ் கட்டை, அகல், உண்டியல், சாமி பொம்மை, கொலு செட்டு என்று பட்டறைகளில் என்னென்னவோ வார்க்கிறார்கள். ஒரு பாவை விளக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணைப் பால்போலக் கரைத்து பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுகிறார்கள். அச்சு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள, ஓரத்தில் மட்டும் தோல் பிடிக்கிறது. மிச்சக் கரைசலைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு அச்சைப் பிரித்தால் உள்ளே கூடாக ஒரு பெண், இரண்டு கையிலும் அகலை ஏந்தி நிற்கிறாள். அச்சின் இரண்டு பாதி சேர்ந்த இடத்தில் தலை உச்சியிலிருந்து பாதம்வரை ஒரு கோடு ஓடும். ஓர் அம்மா மழுங்கல் கத்தியால் அந்தப் பிசிறைச் சீவுகிறார், ஈரப் பஞ்சால் துடைக்கிறார், மூக்கு மழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்கிறார். பிறகு காயவைத்து, சூளையில் சுட்டு, மெருகு தோய்த்து, மறுபடி சுட்டு எடுத்தால் விளக்கு தயார். சிங்கப்பூரிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ யாராவது போனில் படம் பார்த்துவிட்டு "நூறு அனுப்புங்க" என்கிறார்கள் என்று வையுங்கள். அதுவரை அவள் பாவை விளக்கு. அந்த நிமிஷத்திலிருந்து அவள் யார் என்பது உலகப் பிரச்சினை.

காரணம், பிரஸ்ஸல்ஸில் இருக்கும் உலகச் சுங்க அமைப்பு உலகத்திலுள்ள அத்தனை சாமானுக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறது. 1988 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதல் ஆறு இலக்கம் உலகத்துக்கெல்லாம் பொது, அதன்மேல் இரண்டு இலக்கம் இந்தியா சேர்த்தது. சுட்ட மண்ணுக்கு 69ஆம் அத்தியாயம். உருவம் கொடுத்த பிறகு சுட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சுடாமல் வெயிலில் காயவைத்து வண்ணம் அடித்த பொம்மைக்கு அந்த அத்தியாயத்துக்குள் இடமே இல்லை. சரி, நம்முடையது சுட்டதுதான். உள்ளே போனால் 69.11 பீங்கான் பாத்திரம், 69.12 பீங்கான் அல்லாத பாத்திரம், 69.13 சிலையும் அலங்காரப் பொருளும். அலங்காரம்தானே என்று 69.13ஐ எழுதப் போனால், கையில் விளக்கு இருக்கிறதே, மின்சாரம் இல்லாத விளக்கெல்லாம் 94.05 ஆச்சே என்று ஒரு குரல் வரும். மண் விளக்கென்றால் இந்தியப் பட்டியலில் 69.12க்குக் கீழே 'களிமண் பொருள்கள்' என்று தனி வரி இருக்கிறதே என்று இன்னொரு குரல். குழந்தைகள் எடுத்து விளையாடாதா, 95.03 ஆகாதா என்று மூன்றாவது குரல். ஃப்யூஸ் கட்டை செய்கிறவர் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைக்காதீர்கள். வெறும் பீங்கானாக இருக்கும்வரை அது 85.47. அதே துளையில் பித்தளைத் துண்டைச் செருகித் திருகாணி போட்டு முடித்தால் 85.36. ஒரு திருகாணியில் அது மண் ஜாதியிலிருந்து மின்சார ஜாதிக்கு மாறிவிடுகிறது.

எண்ணில் என்ன இருக்கிறது என்பீர்கள். வரி அதில்தான் இருக்கிறது. விளையாட்டுப் பொம்மைக்கான இறக்குமதி வரியை 2020ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023ல் 70 ஆக்கினார்கள். சிலை என்றால் அதில் பாதிகூட இல்லை. இப்படி ஓர் இடைவெளியை வைத்துவிட்டு, "இது பொம்மையா சிலையா?" என்று முடிவு செய்யும் உரிமையை மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளப் பொருளாதாரம் படிக்க வேண்டாம்.

இந்தப் பைத்தியம் நமக்கு மட்டும் பிடித்ததில்லை. அமெரிக்காவில் எக்ஸ்-மென் பொம்மைகளை இறக்குமதி செய்த கம்பெனி நீதிமன்றம் போனது. மனித உருவமென்றால் 12 சதவீதம், மற்ற விளையாட்டுச் சாமான் என்றால் 6.8 சதவீதம். 2003ல் நியூயார்க் சர்வதேச வர்த்தக நீதிமன்றம், நகமும் இறக்கையுமாக இருக்கும் இவர்கள் மனிதர்கள் அல்லர் என்று தீர்ப்பளித்தது. கம்பெனிக்கு லாபம். நம் தசாவதார செட்டை அந்த நீதிமன்றத்தில் நிறுத்தினால் எப்படி இருக்கும்! ராமரும் பலராமரும் 12 சதவீதம். மச்சமும் கூர்மமும் 6.8. நரசிம்மர் வந்தால் நீதிபதி அறைக்குள் போய்விடுவார். ஒரே அட்டைப்பெட்டியில் பத்துப் பேரும் இருக்கிறார்கள், பெட்டிக்கு ஒரு பில்தான்.

நியாயமாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வழி இல்லையா? இருக்கிறது. முன்கூட்டியே விண்ணப்பித்து 'இந்தப் பொருளுக்கு இந்த எண்' என்று தீர்ப்பு வாங்கிக்கொள்ளலாம். அதற்கான ஆணையம் 2021 முதல் இரண்டு ஊர்களில் இயங்குகிறது. ஒன்று டெல்லி, இன்னொன்று மும்பை. பிசிறு சீவுகிற அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு ரயில் ஏற வேண்டியதுதான்.

எண் கிடைத்தாலும் பொம்மை புறப்பட்டுவிடாது. ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வேண்டும். வங்கிக் குறியீட்டைத் துறைமுகத்தில் பதிய வேண்டும். ஜி.எஸ்.டி. கட்டாமல் அனுப்ப உறுதிப் பத்திரம், ஐஸ்கேட் தளத்தில் கணக்கு, டிஜிட்டல் கையெழுத்து, ஷிப்பிங் பில், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட். பட்டறைக்காரர் தொழில்நுட்பத்தில் சளைத்தவர் இல்லை. சூளையின் நிறத்தைப் பார்த்தே சூடு சொல்வார். ஆனாலும் இந்த இடத்தில் அவர் சி.எச்.ஏ. என்கிற சுங்கத் தரகர் ஒருவரைத் தேடுகிறார். சி.எச்.ஏ. "நான் பாத்துக்கறேன், நீங்க கவலைப்படாதீங்க சார்" என்கிறார். நம் நாட்டில் மிக அதிகம் செலவு வைக்கும் வாக்கியம் அதுதான். பில்லில் கடைசி வரியாக 'இதர செலவுகள்' என்று ஒரு தொகை வரும். இதரம் என்றால் என்ன என்று கேட்கக் கூடாது, அது பண்பாடு.

2011 முதல் சுங்கத்தில் சுயமதிப்பீடு வந்துவிட்டது. வணிகரை நம்புகிறோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். எண்ணையும் மதிப்பையும் நீயே எழுது, வரியையும் நீயே கணக்குப்போடு. தப்பாகப் போட்டால் அது 'தவறான அறிவிப்பு', அபராதம். சரியாகப் போட்டாலும் எங்களுக்குச் சரியாகப் படவில்லை என்றால் அதுவும் தவறான அறிவிப்பு. பரீட்சையும் நாமே எழுதி, தாளையும் நாமே திருத்தி, ஃபெயிலும் நாமே ஆகலாம். இதைவிடப் பெரிய ஜனநாயகம் எங்கே இருக்கிறது?

சின்னப் பார்சலாகத் தபாலில் அனுப்புகிறவருக்குக்கூட உலகம் வழி விடவில்லை. அமெரிக்காவில் 800 டாலருக்குக் கீழான பார்சலுக்கு வரி இல்லை என்று இருந்ததை 2025 ஆகஸ்ட் 29 முதல் எடுத்துவிட்டார்கள். யார் வரி வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்று யாருக்கும் விளங்காததால் நம் தபால்துறை ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்கப் பார்சலை நிறுத்திவைத்தது. இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் என்ற டிரம்ப் வரி வேறு அப்போது தலைமேல் இருந்தது. மறுபடி பார்சல் வாங்க ஆரம்பித்த நாள் அக்டோபர் 15. நடுவில் நவராத்திரி வந்து போய்விட்டது. கொலு பொம்மைக்கு ஆண்டில் ஒரே ஒரு சீசன். அதை வாஷிங்டனும் யோசிக்கவில்லை, டெல்லியும் யோசிக்கவில்லை. அப்போது இந்தியாவின் வைரம், ஜவுளி, இறால் பற்றியெல்லாம் தொலைக்காட்சியில் விவாதித்தார்கள். செட்டியார் பொம்மைக்காக ஒருவரும் மேசையைத் தட்டவில்லை.

வெளியே போக இத்தனை தடை. உள்ளே வர? சீனக் கோப்பை, சீனத் தட்டு, சீனச் சாமி எல்லாம் கடைத்தெருவில் வந்து இறங்கி எத்தனையோ வருஷம் ஆயிற்று. பீங்கான் பாத்திரத்தை அடிமாட்டு விலைக்குத் தள்ளுகிறார்கள் என்று 2018ல் சீனச் சரக்கின்மேல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட்டார்கள், கிலோவுக்கு இவ்வளவு என்று. நல்ல காரியம். ஆனால் அந்த வரியைக் கேட்டு மனுப்போட யாருக்குத் தகுதி என்று பாருங்கள். நாட்டின் மொத்த உற்பத்தியில் குறைந்தது 25 சதவீதத்தைக் கையில் வைத்திருக்கும் உற்பத்தியாளர்கள் சேர்ந்து வர வேண்டும். செலவுக்கணக்கு, விற்பனைக்கணக்கு, நஷ்டக்கணக்கு எல்லாவற்றையும் படிவத்தில் நிரப்பி டெல்லியில் வக்கீல் வைத்து வாதாட வேண்டும். நான்கு பேர் வேலை பார்க்கும் விருத்தாசலத்துப் பட்டறைக்கு நஷ்டம் வரலாம். நஷ்டப்பட்டேன் என்று சொல்லும் தகுதி வராது.

பொம்மைகளுக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் வந்தது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது. சீனப் பிளாஸ்டிக்கை நிறுத்தத்தான் இது என்றார்கள். கைவினைஞர்கள் அலறியபிறகு, பதிவுசெய்த கைவினைஞருக்கு விலக்கு என்று திருத்தினார்கள். ஆக, பாட்டன் காலத்திலிருந்து மண் பிசைகிறவர் தான் கைவினைஞர்தான் என்பதற்கு அட்டை காட்ட வேண்டும். விரலில் காய்ந்திருக்கும் களிமண் செல்லுபடியாகும் ஆவணம் இல்லை.

இனி மனிதர்கள். விருத்தாசலம், திட்டக்குடி, பண்ருட்டிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து துபாய்க்கும் சவூதிக்கும் குவைத்துக்கும் போகிறவர்களுக்குச் சென்னையோ திருச்சியோதான் வாசல். மூன்று வருஷம் வெயிலில் சாரம் கட்டிவிட்டு ஒருவன் திரும்புகிறான். பெட்டியைச் சுற்றிப் பிளாஸ்டிக் டேப், டேப்மேல் ஊர்ப்பேர், பேர்மேல் கயிறு. தொப்பி இல்லாமல் வந்தால்கூட அவன் யாரென்று தூரத்திலேயே தெரியும். "ஏய், இங்க வா. என்ன இருக்கு உள்ள?" கோட்டுப் போட்டு வந்தவருக்கு "சார், திஸ் வே ப்ளீஸ்." இரண்டு பேருக்கும் ஒரே சட்டப் புத்தகம்.

அந்தப் புத்தகத்தைப் பார்ப்போம். 2016ஆம் ஆண்டின் பயணச்சுமை விதிகள், ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்புகிற ஆண் 20 கிராம் நகையை வரியில்லாமல் கொண்டுவரலாம், பெண் 40 கிராம் கொண்டுவரலாம் என்றன. ஆனால் ஆணுக்கு மதிப்பு 50,000 ரூபாயையும், பெண்ணுக்கு ஒரு லட்சத்தையும் தாண்டக் கூடாது என்றும் இருந்தது. 2025ல் தங்கம் கிராம் 10,000 ரூபாயைத் தாண்டியது. 50,000 ரூபாய்க்கு 5 கிராம்கூட வரவில்லை. விதியில் 20 கிராம், தராசில் 5 கிராம். 2025 முடிகிறவரை அந்த ரூபாய்க் கணக்கை யாரும் தொடவில்லை. எம்.பி.க்களின் சம்பளத்தை 2018லேயே விலைவாசிக் குறியீட்டோடு கட்டிவிட்டார்கள். சாரம் கட்டுகிறவனின் மோதிரத்தை எதனோடும் கட்டவில்லை.

2013 ஆகஸ்டில் தட்டை டி.வி.க்கான சலுகையை ரத்து செய்தார்கள். ரூபாய் விழுந்துகொண்டிருந்த சமயம். விழுந்த ரூபாயைத் தூக்கி நிறுத்தும் பாரம் கூலிக்காரன் டி.வி.மேல் விழுந்தது. அப்புறம் சலுகையைத் தாண்டிய பொருளுக்கெல்லாம் 35 சதவீதம், அதன்மேல் பத்தில் ஒரு பங்கு கூடுதல் வரி, மொத்தம் 38.5 சதவீதம் என்று வாங்கினார்கள். அந்தக் கூடுதல் வரிக்குப் பெயர் சமூக நல வரி. சமூகத்தில் யாருடைய நலம் என்று கேட்டால் அது இன்னொரு அத்தியாயம்.

2023 டிசம்பர் கடைசியில் சென்னை விமான நிலையத்தில் இலங்கைத் தமிழ்ப் பெண் ஒருத்தியை நிறுத்தினார்கள். புதிதாகக் கல்யாணமானவள். கழுத்தில் 11 பவுன் தாலிக்கொடி. கழற்றி வாங்கிக்கொண்டார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, அணிந்துவந்த நகை 'சுமை' ஆகாது, தாலியைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். தாலியைக் கழற்ற வைத்ததைக் கண்டித்தார். அந்த உத்தரவு வருவதற்குள் ஓராண்டு போய்விட்டது. ஒரு பெண்ணின் கழுத்து பெட்டியா, கழுத்தா என்று சொல்ல இந்த நாட்டில் உயர் நீதிமன்ற நீதிபதி தேவைப்படுகிறார்.

இந்தக் கதையோடு இன்னொன்றை வைத்துப் பாருங்கள். 2025 மார்ச்சில் பெங்களூர் விமான நிலையத்தில் 14 கிலோவுக்கு மேல் தங்கத்தோடு ஒரு நடிகையைப் பிடித்தோம் என்று வருவாய்ப் புலனாய்வுத்துறை அறிவித்தது. உயர் காவல் அதிகாரி ஒருவரின் வளர்ப்பு மகள். திரும்பத் திரும்ப துபாய் போய் வந்திருக்கிறார், முக்கியப் பிரமுகர் மரியாதையோடு வெளியேறியிருக்கிறார் என்றெல்லாம் செய்தி வந்தது. குற்றமா இல்லையா என்று நீதிமன்றம் சொல்லட்டும். எனக்கு ஒரே சந்தேகம்: கயிறு கட்டிய பெட்டிக்குள் நெயில் பாலிஷ் பாட்டிலைக்கூடக் கண்டுபிடிக்கும் நம் கண்களுக்கு, அந்த மரியாதை வாசலில் மட்டும் அப்படி என்ன மறைக்கிறது?

இந்த விதிகளைப் படித்துத் தெரிந்துகொள்ளாதது உங்கள் தப்பு என்பார்கள். சட்டம் தெரியாது என்பது சாக்கு ஆகாதாம். ஒப்புக்கொள்கிறேன். எந்த மொழியில் படிக்க? அரசிதழ் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வருகிறது. பயணி வீட்டிலிருந்தே விவரம் பதிய 2019ல் ஒரு செயலி விட்டார்கள், அதன் பெயர் 'அதிதி'. விருந்தாளி என்று அர்த்தம், நகைச்சுவை உணர்வுக்குப் பஞ்சமில்லை. 2020ல் 'துரந்த்' சுங்கம் வந்தது. உடனடி என்று பொருள். தமிழ்நாட்டில் சர்வதேச விமான நிலையங்கள் இருக்கின்றன, மூன்று பெருந்துறைமுகம் இருக்கிறது. தினமும் அவற்றின் வழியே போகிறவர்களுக்கு, எதைக் கொண்டுவரலாம், எதற்கு எவ்வளவு வரி, பிடித்தால் என்ன உரிமை என்பதை முழுதாக, தேதி போட்டு, தமிழில் ஒரு பலகையில் எழுதி வைக்க எத்தனை கோடி ஆகும்? ஒரு பெயின்டர், ஒரு நாள் கூலி. அதைச் செய்ய மாட்டார்கள். தெரிந்துவிட்டால் பயம் போய்விடும்; பயம் போய்விட்டால் 'இதர செலவுகள்' போய்விடும்.

துரந்தோடு சேர்த்து முகமற்ற மதிப்பீடு என்றும் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். முதல் கட்டமே பெங்களூரிலும் சென்னையிலும்தான், 2020 ஜூன் 8. சென்னையில் இறங்கும் சரக்கின் தாளை வேறு ஊரில் முகம் தெரியாத ஓர் அதிகாரி பார்ப்பார், லஞ்சத்துக்கு வழி இராது என்றார்கள். ஐந்து வருஷம் கழித்து 2025 அக்டோபர் 1ஆம் தேதி, சென்னையில் ஓர் இறக்குமதி நிறுவனம் லஞ்சம் கொடுத்து மாளவில்லை, இந்தியாவில் தொழிலையே நிறுத்துகிறோம் என்று வெளிப்படையாக அறிவித்தது. சுங்கத்துறை மறுத்தது, தவறான அறிவிப்பு, ஆவணம் இல்லை என்று எதிர்க்குற்றம் சொன்னது. நிதியமைச்சகம் விசாரணைக்கு உத்தரவிட்டது. யார் சொன்னது உண்மை என்று விசாரித்தவர்கள் சொல்லட்டும். ஆனால் அந்த வாரம் வணிகர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தங்கள் கதையைச் சொல்லத் தொடங்கினார்களே, அதைக் கேட்டு ஆச்சரியப்பட்டவர் என்று ஒருவரை நான் பார்க்கவில்லை. டிசம்பரில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனே, அடுத்து நான் சுத்தம் செய்யப்போவது சுங்கத்தைத்தான் என்றார். அம்மா, தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் அந்த வீட்டுச் சாவி 2019லிருந்து உங்கள் கையில்தானே இருக்கிறது?

சாவடிகள் விருத்தாசலம் இருக்கும் கடலூர் மாவட்டத்துக்குப் புதிதில்லை. 1954 வரை பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தபோது கடலூர்க்காரன் பக்கத்து ஊருக்குப் போக எல்லை தாண்ட வேண்டியிருந்தது. இன்றும் அந்த வழியில் வண்டியை நிறுத்தி டிக்கியைத் திறக்கச் சொல்கிறார்கள், பாட்டில் தேடி. அதற்கும் முன்னால் சோழர் காலத்தில் ஊருக்கு ஊர் சுங்கம் இருந்தது. அதை நீக்கியதற்காகவே முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பேர் கொடுத்தார்கள். வென்ற நாட்டுக்காக அரசனுக்குப் பட்டம் கொடுப்பது வழக்கம். வாங்காமல் விட்ட வரிக்காகக் குடிமக்கள் ஞாபகம் வைத்துக்கொண்ட அரசன் அவன். இப்போது டெல்லிக்குச் சோழர்மேல் ரொம்பப் பிரியம். நாடாளுமன்றத்தில் செங்கோல் வைத்தார்கள். 2025 ஜூலையில் பிரதமரே விருத்தாசலத்துக்கு அடுத்திருக்கும் கங்கைகொண்ட சோழபுரம் வந்து ராஜேந்திரன் பேரில் நாணயம் வெளியிட்டார். கடாரம் கொண்டவன் பிடிக்கிறது. சுங்கம் தவிர்த்தவன் பேரை ஒருவரும் எடுப்பதில்லை. அவனுக்கு நாணயம் அடித்தால் வசூலிக்கிற மேசையில் அதைப் போட முடியாது, வாஸ்தவம்தான்.

சோழன் திரும்பி வரமாட்டான். உங்கள் மடியில் சில விஷயங்களை முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். இது கேலி இல்லை, சட்டத்தில் உள்ளது. கொண்டுவருவதை மறைக்காதீர்கள், 77ஆம் பிரிவின்படி நீங்களே சொல்லிவிடுங்கள். சொன்னவன் பக்கம் சட்டத்துக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டு. பொருளைப் பிடித்துவைத்தால் எடையும் விவரமும் எழுதிய ரசீது கேளுங்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள், 'இதரம்' என்றால் எந்தப் பிரிவு என்று கேளுங்கள். 124ஆம் பிரிவின்படி நோட்டீஸ் கொடுக்காமல் எதையும் பறிமுதல் செய்ய முடியாது. அதனால்தான் 'எனக்கு நோட்டீஸ் வேண்டாம்' என்று முன்பே அச்சடித்த தாள் ஒன்றை நீட்டி, இங்கே ஒரு கையெழுத்து என்பார்கள். போடாதீர்கள். அப்படி அச்சடித்து வாங்கிய சம்மதம் செல்லாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025ல் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கில் சொல்லியிருக்கிறது. 110(2) பிரிவின்படி கைப்பற்றிய ஆறு மாதத்துக்குள் நோட்டீஸ் வர வேண்டும். எழுத்தில் காரணம் காட்டினால் இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கலாம். அதற்குள்ளும் வரவில்லை என்றால், பொருளை யாரிடமிருந்து எடுத்தார்களோ அவரிடமே திருப்பித் தர வேண்டும்.